கொலராடோ எல்க் வேட்டைக்கு முன்பணம் அனுப்பும் முன் படியுங்கள்

வரும் அக்டோபரில் கொலராடோ மலைக்கு எல்க் என்கிற பெரிய மான் வேட்டைக்குப் போகத் திட்டமிட்டிருக்கும் தமிழ் நண்பர்கள், குறிப்பாக டெக்சஸிலிருந்து போகிறவர்கள், யாருக்கும் முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் பணம் போனது எனக்கு இரண்டாம் பட்சம். ஓர் உயிரைக் கொன்ற பிறகு அதன் இறைச்சியில் பெரும் பங்கு மலையிலேயே கெட்டுப்போனது. அதற்குக் காரணமான ஆள் இன்றும் அடுத்த பருவத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

டெக்சஸில் நிலத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு தனியாருடையது. ஒரு மான் வேட்டைக்குக்கூட யாருடைய பண்ணையையாவது குத்தகை பேச வேண்டும். கொலராடோவில் அப்படி இல்லை. அங்குள்ள தேசியக் காடுகள் பொதுநிலம். வெளிமாநிலத்தவரும் வேட்டைக்காக நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லாமல் நடந்து போகலாம். பெரும்பாலான இடங்களில் 14 நாள் வரை கூடாரம் அடிக்கலாம். மாநிலத்தின் வேட்டை உரிமம் கையில் இருந்தால் போதும். அமெரிக்காவிலேயே எல்க் மான்கள் மிக அதிகமாக இருப்பதும் அங்கேதான், இரண்டரை லட்சத்துக்கும் மேல். வெளிமாநிலத்தவர் இவ்வளவு பேர் அங்கே திரள்வதற்கு இதுதான் காரணம்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட வேட்டைக்கு இடமே இல்லை. எனவே நம்மவர்களுக்கு இதில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு மாமனோ சித்தப்பனோ கிடையாது. இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பத்து வயதிலேயே தாத்தாவுடன் மலையேறிக் கற்றுக்கொள்கிறார்கள். நாம் நாற்பது வயதில், கைநிறையச் சம்பளத்தோடும், ஆர்வத்தோடும் வந்து நிற்கிறோம். இது அந்த ஆளுக்கு மிக நன்றாகத் தெரிந்திருந்தது.

எங்கள் ஊரில் நடந்த ஒரு வேட்டைக் கண்காட்சியில்தான் அவனைப் பார்த்தோம். நானும் என் மனைவியின் தம்பியும் போயிருந்தோம். பெரிய கொம்புகளோடு படங்கள், பளபளப்பான துண்டறிக்கை, அதில் மாநிலப் பதிவு எண். பேச்சு அவ்வளவு மரியாதை. அவன் விற்றது டிராப் கேம்ப் என்கிற ஏற்பாடு. அது என்னவென்றால், அவுட்ஃபிட்டர் எனப்படும் வேட்டை ஏற்பாட்டாளர், தடித்த கேன்வாஸ் கூடாரம், விறகடுப்பு, கட்டில் எல்லாவற்றையும் முன்கூட்டியே மலைக்குள் கொண்டுபோய் முகாம் அமைத்துவிடுவார். நம்மையும் மூட்டைகளையும் குதிரையில் அங்கே கொண்டுபோய் விடுவார். வேட்டையை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு நாள் வந்து நலம் விசாரிப்பார். மான் விழுந்தால் கோவேறு கழுதைகளோடு வந்து இறைச்சியைச் சுமந்து கீழே இறக்குவார். வழிகாட்டியோடு போகும் வேட்டையைவிடச் செலவு பாதிகூட ஆகாது. ஒழுங்கானவர்கள் செய்தால் அருமையான ஏற்பாடு. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

“மாமா, இவர் சொல்வதைப் பார்த்தால் நமக்கு ஒரு கவலையும் இருக்காது போலிருக்கிறது” என்றான் மைத்துனன். ஆளுக்கு 2,800 டாலர். பாதி முன்பணம், திரும்பாது. கார்டு வாங்க மாட்டானாம். வங்கிச் செயலி வழியாக நேராக அனுப்பச் சொன்னான்.

இதற்கு மேல் “உரிம ஏற்பாட்டுக் கட்டணம்” என்று ஆளுக்கு 350 டாலர் தனியாக வாங்கினான். இதைக் கவனமாகப் படியுங்கள். கொலராடோவில் எல்க் உரிமங்கள் இரண்டு வகை. ஒன்று, ஏப்ரல் தொடக்கத்துக்குள் விண்ணப்பித்துக் குலுக்கலில் பெறுவது. மற்றொன்று, நாங்கள் போன ஆண்டில் தென்மேற்கு மலைகளில் இரண்டாம், மூன்றாம் ரைபிள் பருவங்களுக்கு இருந்ததுபோல, ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து யார் வேண்டுமானாலும் மாநில வனவிலங்குத் துறையிடம் நேரடியாக வாங்கிக்கொள்வது. எங்களுக்கு அவன் வாங்கித் தந்தது இந்த இரண்டாம் வகை. கடையில் அடுக்கி வைத்திருக்கும் பொருளை எடுத்துக் கொடுத்துத் தரகு வாங்கியிருக்கிறான். குலுக்கல் உரிமத்தை உறுதியாக வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது இதைவிடப் பெரிய பொய். விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. மேற்குப் பகுதிகளில் வெளிமாநிலத்தவருக்கான வில் வேட்டை உரிமம் 2025 முதல் குலுக்கலுக்குப் போய்விட்டது. துறை வெளியிடும் அந்தந்த ஆண்டின் வேட்டைக் கையேட்டை நேராகப் பாருங்கள்.

எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. என் மைத்துனன் அந்த விசாவில்தான் இருக்கிறான். “துப்பாக்கி நான் தருகிறேன், உரிமத்தை முகாமில் வந்து பார்த்துக்கொள்ளலாம்” என்று அவனிடம் சொல்லியிருக்கிறான் அந்த மனிதன். குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று. அதாவது உரிமம் முதலில், துப்பாக்கி பிறகுதான். இரவல் துப்பாக்கிக்கும் இது பொருந்தும். நல்ல வேளையாக மைத்துனன் வழக்கறிஞரிடம் கேட்டு, உரிமம் வந்த பிறகே ரைபிளைத் தொட்டான். இதில் பிசகினால் வேலையும் விசாவும் சேர்ந்தே போகும்.

இனி மலைக்கு வருகிறேன். சான் ஹுவான் மலைத்தொடரில், வெமினூச் காட்டுப்பகுதிக்குள், சாலை முடியும் இடத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் உள்ளே முகாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. வெமினூச் கொலராடோவிலேயே மிகப் பெரிய பாதுகாக்கப்பட்ட காட்டுப்பகுதி, ஏறக்குறைய 2,000 சதுர கிலோமீட்டர். தூரம் ஏன் முக்கியம் என்றால், அக்டோபர் கடைசியில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் பழகிய எல்க்குகள் பாதைகளை விட்டு விலகி, வடக்கு பார்த்த சரிவுகளில் ஸ்ப்ரூஸ் மரங்கள் அடர்ந்த இருட்டுக்குள் போய்விடும். இணைசேரும் காலம் முடிந்த ஆண் மான்கள் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, இன்னும் எட்டாத மூலைகளில் உடம்பைத் தேற்றிக்கொண்டிருக்கும். சாலையோரத்தில் முகாம் போட்டால் வேட்டைக்காரர்களைத்தான் பார்க்கலாம்.

குதிரை ஏறி முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. “இதுதான் முகாம்” என்று இறக்கிவிட்டார்கள். வண்டிகள் வந்து நிற்கும் சத்தம் கேட்கும் தூரம். பக்கத்திலேயே வேறு இரண்டு குழுக்களின் கூடாரங்கள். எங்கள் கூடாரத்தின் கூரை கிழிந்திருந்தது. அடுப்புக்குப் புகைக்குழாய் இல்லை. விறகு வெட்டப்படவில்லை. கேட்டதற்கு, “மேல் முகாமில் பனி, பாதுகாப்புக்காக இங்கே மாற்றினோம்” என்று குதிரைக்காரப் பையன் ஒப்பித்துவிட்டுப் போனான். மேலே பனியே இல்லை என்பதை நாங்கள் அடுத்த நாளே நடந்து பார்த்தோம்.

தினமும் இருட்டில் எழுந்து, ஒப்பந்தத்தில் சொன்ன பள்ளத்தாக்குவரை நடந்தோம். 3,000 மீட்டருக்கு மேல் காற்று மெல்லியது. தாழ்ந்த ஊரிலிருந்து நேராக வந்து இப்படி ஏறினால் உடம்பு தாங்காது. மைத்துனனுக்குத் தலைவலியும் வாந்தியும் வந்து படுத்துவிட்டான். குதிரையில் போய் மேல் முகாமில் தங்கி ஓய்வெடுத்து, அங்கிருந்து மெல்ல நடப்பதாகத்தான் எங்கள் திட்டமே இருந்தது.

ஒரு மாலை, மரங்கள் முடிந்து புல் தொடங்கும் ஓரத்தில் ஓர் ஆண் எல்க் நின்றது. ஒரே குண்டு. அது விழுந்த இடத்தில் நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பெரிய உயிர். வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். எலும்பு நீக்கினால்கூட நூறு கிலோவுக்கு அருகில் இறைச்சி தேறும். உரிமச் சீட்டை அதன் உடலில் கட்டிவிட்டு, தோலை உரித்து, நான்கு கால்களாகப் பிரித்து, துணிப்பைகளில் போட்டு நிழலில் தொங்கவிட்டேன். செயற்கைக்கோள் கருவியில் அவனுக்குச் செய்தி அனுப்பினேன். 24 மணி நேரத்துக்குள் கோவேறு கழுதைகள் வரும் என்பது ஒப்பந்தத்தில் அவனே எழுதியது.

“கழுதைகள் வேறு முகாமில் இருக்கின்றன, நாளை” என்று பதில் வந்தது. மறுநாளும் அதே பதில். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

இரவில் தண்ணீர் உறைந்தது உண்மைதான். ஆனால் அந்த வாரம் பகலில் நல்ல வெயில். இறைச்சியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இவ்வளவு பெரிய விலங்கின் பின்தொடையில், எலும்பை ஒட்டிய சதையில், சூடு நெடுநேரம் தங்கும். வெளியே தொட்டால் சில்லென்று இருக்கும். இடுப்பு மூட்டுப் பக்கம் உள்ளே புளிக்கத் தொடங்கியிருக்கும். நான் எலும்பை நீக்கி, முதுகுச் சதையையும் முன்கால்களையும் முதுகுச்சட்டத்தில் கட்டி, கல்லும் விழுந்த மரங்களும் நிறைந்த சரிவில் சுமந்து இறக்கினேன். தனி ஆளாக ஒரு சுமை இறக்கித் திரும்பி ஏறவே ஒரு பகல் போய்விடுகிறது. பின்தொடைகளுக்குத் திரும்பியபோது வாடை வந்துவிட்டது. பக்கத்து முகாமில் இருந்த ஓர் உள்ளூர்க் குடும்பம் கேள்விப்பட்டு, தங்கள் வேட்டையை ஒரு நாள் விட்டுவிட்டு, தங்கள் கழுதைகளோடு ஏறி வந்தது. அந்தப் பெரியவர் கத்தியால் கீறிப் பார்த்து, நல்ல பகுதியை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுத்தார். காசு நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார். அவர்களை நான் மறக்க மாட்டேன்.

அதே நாளில் ரோந்து வந்த வனத்துறை ரேஞ்சர் எங்கள் முகாமில் கேட்ட முதல் கேள்வி, “இது யாருடைய பெர்மிட்டில் இருக்கிறது?” பெயரைச் சொன்னோம். அந்தப் பள்ளத்தாக்கில் அப்படி யாருக்கும் அனுமதி இல்லை என்றார். இறைச்சி இழுக்க என்று முகாமில் விட்டிருந்த சக்கர வண்டியைக் காட்டி, அதையும் வெளியே எடுக்கச் சொன்னார். 1964 சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட இப்படிப்பட்ட பகுதிகளுக்குள் மோட்டார் மட்டுமல்ல, இப்படிப்பட்ட கைவண்டிக்கும் அனுமதி இல்லை. வேட்டைத் தொழில் செய்கிறவனுக்கு இது அரிச்சுவடி. பொறுமையாகப் பேசினார், இறைச்சியைக் காப்பாற்ற நாங்கள் செய்ததை முழுவதும் கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பு எங்களுக்கு அவசியமாக இருந்தது. உண்ணத்தக்க இறைச்சியைப் பேணாமல் வீணாக்குவது கொலராடோவில் குற்றம்; அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் உரிமம் வைத்திருப்பவர். கழுதை அனுப்பாதவனை அந்தச் சட்டம் முதலில் தேடாது.

திரும்பி வந்து மாநில அலுவலகத்தில் விசாரித்தபோது, துண்டறிக்கையில் இருந்த பதிவு எண் வேறொருவருடையது என்று தெரிந்தது. கொலராடோவில் கட்டணம் வாங்கி வேட்டை ஏற்பாடு செய்கிற எவரும் மாநிலத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், பிணைத்தொகையும் காப்பீடும் வைத்திருக்க வேண்டும். தேசியக் காட்டுக்குள் தொழில் செய்ய அதற்கு மேல் வனத்துறையின் தனி அனுமதியும் வேண்டும். பதிவு பெற்றவர் ஏமாற்றினால் பிடிக்க ஒரு பிடி இருக்கிறது. இவனிடம் எதுவுமே இல்லை. பொதுநிலத்தில், எவரும் இலவசமாகக் கூடாரம் போடக்கூடிய ஓர் இடத்தை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறான்.

எனவே பதிவு எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அந்த எண் யார் பெயரில், எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது என்று மாநிலத்தின் இணையப் பதிவேட்டில் தேடுங்கள். கட்டணம் கிடையாது. அதைவிட முக்கியமானது, அந்தப் பகுதிக்குரிய வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. “இந்தப் பள்ளத்தாக்கில் வேட்டை முகாம் நடத்த யார் யாருக்கு அனுமதி இருக்கிறது?” என்று கேளுங்கள். சொல்வார்கள். முகாம் இருக்கும் இடத்தை வரைபடக் குறியீட்டோடு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அந்த வாரத்தில் அவரிடம் எத்தனை முகாம்கள், எத்தனை கழுதைகள் என்று கேளுங்கள். கணக்கு இடித்தால் அங்கேயே தெரிந்துவிடும். பழைய வாடிக்கையாளர்களின் எண்களைக் கேட்கும்போது, மான் கிடைக்காமல் திரும்பியவர்களின் எண்களையும் கேளுங்கள். வேட்டைக்குப் போகிறவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் எல்க் கிடைக்கிறது. வெறுங்கையோடு திரும்பியும் ஒருவர் நல்லபடியாகச் சொன்னால் அந்த ஆளை நம்பலாம்.

முகாமே வேண்டாம், இறைச்சி இறக்கக் கழுதை மட்டும் போதும் என்றால் அதற்கும் அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள். பருவம் தொடங்கும் முன்பே பேசி வைத்துவிடுங்கள். அடுத்த முறை நாங்கள் அப்படித்தான் போகப்போகிறோம். சொந்தக் கூடாரம், மலையேறும் முன் உயரம் பழக அடிவார ஊரில் சில நாள் தங்கல், கழுதைக்கு மட்டும் ஒப்பந்தம்.

அந்த ஆள் இப்போது வயோமிங்கிலும் டிராப் கேம்ப் விற்கிறானாம், அதுவும் பாதுகாக்கப்பட்ட காட்டுப்பகுதிக்குள். அந்த மாநிலச் சட்டப்படி, அப்படிப்பட்ட பகுதிகளில் வெளிமாநிலத்தவர் பெரிய விலங்குகளை வேட்டையாட உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அதற்கென அனுமதிச் சீட்டு எடுத்த உள்ளூர்வாசியோ உடன் இருந்தே ஆக வேண்டும். நம்மைத் தனியே இறக்கிவிட்டுப் போகும் முகாமை அங்கே வாங்கினால், பணத்தோடு சட்டச் சிக்கலையும் சேர்த்து வாங்குகிறீர்கள்.

ஏற்கெனவே இப்படி யாருக்காவது பணம் கட்டியிருந்தால் துண்டறிக்கை, ஒப்பந்தம், செய்திகள், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொண்டு, சரக அலுவலகத்துக்கு இந்த வாரமே பேசுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் ஆட்சேபம் பதிவு செய்ய இன்னும் வழியிருக்கலாம். எங்கள் புகார் மாநிலப் பதிவு அலுவலகத்திலும் வனத்துறையிலும் விசாரணையில் இருக்கிறது. அதே ஆளிடம் மாட்டியவர்கள் என்று நினைப்பவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். புகார் எழுதுவதில் உடன் இருக்கிறேன்.