பிரித்த மூன்றாம் நாள்

எங்கள் வீட்டு பிஸ்கட் டப்பாவின் மூடி கொஞ்சம் லூஸ். அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் டப்பா, பக்கவாட்டில் தாத்தா பெயர் பொறித்திருக்கும். வேறு டப்பா வாங்கலாமா என்று ஒருமுறை வாயைத் திறந்தேன்; அன்று ராத்திரி சாப்பாடு வரை அம்மா என்னோடு பேசவில்லை. சரி, டப்பாவைத்தான் மாற்ற முடியாது, பிஸ்கட்டையாவது மாற்றிப் பார்ப்போம் என்று போன வருஷம் மே மாதம் ஒரு நோட்டு போட்டேன். பதினாலு மாதம் ஓடிவிட்டது. முப்பத்திரண்டு வகை பிஸ்கட் இந்த டப்பாவுக்குள் போய் வந்திருக்கிறது.

பாக்கெட்டைப் பிரித்து, கேமராவுக்கு முன்னால் ஒரு கடி கடித்து, உடனே மார்க் போடும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. பிரித்த நிமிஷத்தில் எந்த பிஸ்கட் மொறுமொறுப்பாக இருக்காது? வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் நாலு பேர்: அம்மா, மனைவி, எட்டாவது படிக்கும் மகள், நான். காலை டீக்கும் சாயங்கால டீக்குமாக ஒரு கால் கிலோ பாக்கெட் மூன்று நாள் வரும். அதனால் நோட்டில் மூன்று கட்டம். முதல் நாள் வெறும் வாயில், டீயில் நனைத்து, அப்புறம் மூன்றாம் நாள் டப்பாவிலிருந்து எடுத்து. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். என்னைக் கேட்டால் மூன்றாவது கட்டம்தான் பரீட்சை, முதல் இரண்டும் வருகைப் பதிவு.

ஆரம்பித்தது மே மாதத்தில் என்பதால் முதலில் ஏமாந்தேன். வேலூர் வெயிலைப் பற்றி ஊரே பேசும். நாற்பது டிகிரியைத் தாண்டிய நாட்களில் மதியம் கோட்டை அகழிப் பக்கம் ஒரு நாய்கூட நடமாடாது. இந்த வெயிலில் பிஸ்கட் என்ன ஆகப்போகிறதோ என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. லூஸ் மூடி போட்ட டப்பாவில் மூன்றாம் நாளும் உடைத்தால் 'டக்' என்றது. எல்லாவற்றுக்கும் எட்டு, ஒன்பது என்று வாரி வழங்கினேன். நவம்பர் வந்ததும் வண்டவாளம் தெரிந்தது. மழை பிடித்துக்கொண்டு, கொடியில் போட்ட துணி மூன்று நாளாகக் காயாத ஒரு வாரத்தில், மே மாதம் எட்டு வாங்கிய அதே பிஸ்கட் மூன்றுக்கு இறங்கியது. உடைத்தால் சத்தமே இல்லை. வளைந்து, அப்புறம் பிட்டுக்கொண்டு வருகிறது.

நன்றாக வெந்த பிஸ்கட்டில் ஈரம் நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் கீழேதான் இருக்கும். ரொட்டியை வெளியே வைத்தால் விறைத்துப்போகும், பிஸ்கட்டை வைத்தால் நமத்துப்போகும். ரொட்டி தன் ஈரத்தைக் காற்றுக்குக் கொடுக்கிறது, பிஸ்கட் காற்றிலிருந்து வாங்குகிறது. போதாததற்கு உள்ளே இருக்கும் சர்க்கரை ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆக பிஸ்கட்டுக்கு எதிரி அக்னி நட்சத்திரம் இல்லை, ஐப்பசி கார்த்திகை.

இதற்கு ஒரு விதிவிலக்கு சாக்லேட். கோகோ வெண்ணெய் நம் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழேயே உருகிவிடும், வாயில் போட்டதும் கரைவது அதனால்தான். காட்பாடியில் மதியம் இரண்டு மணிக்கு சாக்லேட் துண்டு பதித்த குக்கீஸ் பாக்கெட் வாங்கி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நடுவில் ஒரு இடத்தில் வண்டியை வெயிலில் நிறுத்தி அரை மணி நேரம் வேலை. வீட்டில் பிரித்தால் ஆறு குக்கீஸும் ஒரே குடும்பமாக ஒட்டியிருந்தன. கம்பெனியைச் சொல்லி என்ன செய்வது, சீட்டுக்கு அடியில் வைத்தவன் நான். மகள் மட்டும் ஸ்பூன் கொண்டுவந்து உட்கார்ந்தாள்.

டீயில் நனைக்கும் கட்டத்துக்கு வருவோம். எங்கள் வீட்டில் ஆவின் பச்சை பாக்கெட் பாலில் கொஞ்சம் கெட்டியான டீ. போனில் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு நான் நனைக்க, மனைவி எண்ண, அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பார்லே-ஜி 1939-லிருந்து இந்த நாட்டு டீக்குள் விழுந்துகொண்டிருக்கிறது. அப்போது பெயர் பார்லே குளுக்கோ, ஜி என்ற எழுத்து எண்பதுகளில்தான் வந்தது. மூன்று எண்ணுவதற்குள் எடுத்தால் அதற்கு இணையான சுகம் கிடையாது, நாலு என்றால் டம்ளரின் அடியில் கஞ்சி. நான் அதற்கு டீயில் ஒன்பது போட்டிருக்கிறேன். விழுந்த துண்டை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுவதும் அந்த ஒன்பதில் சேர்த்திதான்.

மேரி விஷயத்தில் எனக்குக் கண்ணைத் திறந்தவர் பெயர் தெரியாத ஒரு பெரியவர். சிஎம்சி ஆஸ்பத்திரி எதிரே உள்ள சந்துகளில் பாதிக் கடைகளில் வங்காளி எழுத்தில் போர்டு இருக்கும். மேற்கு வங்கத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் வாரக்கணக்கில் தங்குகிறவர்களை நம்பி நடக்கும் கடைகள். அங்கே ஒரு டீக்கடையில், அக்குளில் எக்ஸ்ரே கவரை இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார் அவர். மேரி பிஸ்கட் இரண்டை எடுத்து, புத்தகம் மூடுவது போல ஒன்றோடு ஒன்று சேர்த்தார். பாதிவரை டீயில் விட்டு, டம்ளர் விளிம்பில் ஒரு தட்டு தட்டி, சொட்டாமல் வாயில் போட்டார். அடுத்த இரண்டையும் அப்படியே. ஒரு துளி சட்டையில் சிந்தவில்லை. வீட்டுக்கு வந்து செய்து பார்த்தேன். ஒற்றை மேரி ஐந்து எண்ணுவதற்குள் தொய்ந்தது, ஜோடி ஒன்பது வரை நின்றது. ஒன்று நெகிழ்ந்தாலும் பக்கத்தில் இருப்பது தாங்கிக்கொள்கிறது. இப்போது எங்கள் வீட்டில் மேரி ஜோடியாகத்தான் டீக்குள் இறங்கும்.

மேரி பிறந்ததே ஒரு கல்யாணத்தை ஒட்டித்தான். 1874-ல் ரஷ்ய இளவரசி மரியா அலெக்ஸாண்ட்ரோவ்னாவுக்கும் இங்கிலாந்து ராணியின் மகனுக்கும் திருமணம் நடந்தபோது, லண்டனில் பீக் ஃப்ரீன்ஸ் கம்பெனி அவள் பெயரில் செய்தது. மேலே இருக்கும் ஓட்டைகள் அழகுக்கு இல்லை. அடுப்பில் ஆவி வெளியேற வழி வேண்டும், இல்லாவிட்டால் பூரி மாதிரி உப்பிவிடும். இன்னொன்று. சுகர் இருக்கிறவர்களுக்கு மேரி ஒன்றும் செய்யாது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. பாக்கெட்டின் பின்பக்கம் எது அதிகமோ அது முதலில் வரும் வரிசையில்தான் பொருட்களைப் போடுவார்கள். நான் வாங்கிய மேரி பாக்கெட்டுகளில் மைதாவுக்கு அடுத்த இடம் சர்க்கரைக்கு. மற்ற பிஸ்கட்டை விடக் குறைவு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அந்தப் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தப் பதினாலு மாதத்தில் பெரிய லாபம். முன்பக்கம் ஐந்து பாதாம் உருளும் படம் போட்ட ஒரு குக்கீஸ் வாங்கினேன், பெயர் வேண்டாம். பின்னால் பொடி எழுத்தில் பாதாம் 1.5 சதவீதம். பாக்கெட் 75 கிராம். கணக்குப் போட்டால் 1.1 கிராம் வருகிறது. ஒரு முழு பாதாம் பருப்பே ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். அதாவது மொத்தப் பாக்கெட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பாதாம், அதையும் எட்டாகப் பங்கு வைத்திருக்கிறார்கள். சட்டப்படி குற்றமில்லை, சதவீதத்தை அச்சடித்துத்தான் இருக்கிறார்கள். மகளிடம் காட்டியதும், "அப்பா, படத்துலயே அஞ்சு இருக்கே, அதையே சாப்பிட்டிருக்கலாம்" என்றாள்.

மூன்றாம் நாள் பரீட்சையில் மழைக்காலத்திலும் தலைநிமிர்ந்து நின்றவை வெண்ணெய், முந்திரி வகைக் குக்கீஸ். பிரிட்டானியா குட் டே நவம்பரிலும் ஏழுக்குக் கீழே இறங்கவில்லை. இவற்றில் கொழுப்பு அதிகம். மாவைக் கொழுப்பு பூசி மூடிவிடுவதால் பசை இழுக்காமல் பொலபொலவென்று உதிர்கிறது. அந்த உதிர்தல் ஈரம் கொஞ்சம் ஏறினாலும் சட்டென்று போய்விடுவதில்லை. ஆனால் டீக்குள் விட்டால் மேலே எண்ணெய் மினுக்கம் மிதக்கும், அது எனக்குப் பிடிக்காது. டீயில் ஐந்துதான். வெறும் வாயில் சாப்பிட வேண்டியதை டீயில் முக்குவது என் தப்பு என்கிறாள் மனைவி. இருக்கலாம்.

உப்பு பிஸ்கட்டுகளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கிராக்ஜாக் ஒன்றுதான் டீயோடு ஒத்துப்போனது, இனிப்பும் உப்பும் மாறி மாறி வருவதால். சர்க்கரை தூவிய லிட்டில் ஹார்ட்ஸுக்கோ மூன்றாம் நாள் கட்டம் காலியாகவே இருக்கிறது. நாலு தடவை வாங்கியும் அது மூன்றாம் நாளைப் பார்த்ததில்லை.

பேக்கரி பிஸ்கட்டைச் சேர்க்காமல் விட்டால் ஊரில் நடமாட முடியாது. கண்ணாடி ஜாடியிலிருந்து எடுத்து, கால் கிலோ நிறுத்து, பட்டர் பேப்பர் கவரில் போட்டுத் தரும் வெண்ணெய் பிஸ்கட்டும் தேங்காய் பிஸ்கட்டும். சூடு ஆறாமல் வாங்கிவந்த முதல் நாளில் இந்த நோட்டிலேயே அதிக மார்க், வெண்ணெய் பிஸ்கட்டுக்குப் பத்து. மூன்றாம் நாள் பாக்கெட் பிஸ்கட் பக்கத்தில்கூட நிற்க முடியவில்லை. வெண்ணெய் என்று பெயர் இருக்கிறதே தவிர எதில் செய்தது என்று கவரில் எழுதியா இருக்கிறது? ஒரு கடையில் வாங்கியது இரண்டாம் நாளே பழைய எண்ணெய் வாடை அடித்தது. இப்போது விரலில் தேய்த்துப் பார்க்கிறேன். ஆறின பிறகு விரலில் மெழுகு மாதிரி வழவழவென்று படிந்தால் நூறு கிராமோடு நிறுத்திக்கொள்வது.

நமத்ததைத் தேற்ற எல்லா வைத்தியமும் பார்த்தேன். டப்பாவின் அடியில் துணி முடிச்சில் அரிசி வைப்பது ஓரளவு பலித்தது, ஒரு நாள் கூடுதலாகத் தாங்கியது. மொட்டை மாடியில் தட்டில் காய வைத்ததை எறும்புகள் கண்டுபிடித்தன. நன்றாக வேலை செய்தது தோசைக்கல்தான். கடைசி தோசை எடுத்து அடுப்பை அணைத்த பிறகு, கல்லைத் துடைத்துவிட்டு பிஸ்கட்டைப் பரப்பி ஐந்து நிமிஷம். சூடாக இருக்கும்போது இன்னும் மெத்தென்றுதான் இருக்கும், பதறக் கூடாது. ஆறினால் மொறுமொறுப்பு திரும்பும். ஒரு முறை வெங்காய ஊத்தப்பத்துக்குப் பிறகு செய்துவிட்டேன். மேரியில் வெங்காய வாசனை வந்தது.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் ஆனது. ஐந்து ரூபாய் பாக்கெட் என்ன ஆகும் என்று எங்கள் மளிகைக் கடை அண்ணனிடம் கேட்டேன். "நாலரை ரூபான்னா சில்லறைக்கு நான் எங்கப்பா போறது? கிராமைப் பாரு" என்றார். நல்ல யோசனை. எம்ஆர்பி பக்கத்தில் ஒரு கிராம் எத்தனை பைசா என்று போட்டிருப்பார்கள், அதைப் படித்துவிட்டால் பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்ற நினைப்பு போய்விடும். லாங்கு பஜாரில் மொத்தமாக வாங்கினால் குறையும்தான். ஆனால் மழை மாதங்களில் நான் பெரிய பாக்கெட்டே வாங்குவதில்லை. பத்து ரூபாய் பாக்கெட்டாக வாங்கி, தினம் ஒன்று பிரித்து, டப்பாவுக்குப் போகாமலே முடித்துவிடுகிறோம். கிராமுக்குச் சில பைசா கூடப் போகும், போகட்டும்.

இப்படி எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று ஜனவரியில் நோட்டை அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்குக் கீழ்ப்பல் நாலுதான் பாக்கி. கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். மில்க் பிகிஸ், முதல் நாள் எட்டு, மூன்றாம் நாள் நாலு என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இன்னாடா, தப்பா போட்டுகிறே? நமத்தப்புறம்தானே அது சாப்புட்ற மாதிரி இருக்குது?"

அன்றைக்கு நாலாவது கட்டம் ஒன்று போட்டேன், அம்மா மார்க் என்று. அதில் மே மாத பிஸ்கட் எல்லாம் இரண்டும் மூன்றும் வாங்கிக்கொண்டிருக்கிறது. போன வாரம் பெய்த மழைக்குப் பிறகு டப்பாவில் கிடந்த மில்க் பிகிஸுக்குப் பத்துக்குப் பத்து. தோசைக்கல்லுக்குப் போகவிருந்த ஆறு பிஸ்கட்டை அம்மா எடுத்துத் தன் கட்டில் பக்கம் வைத்துக்கொண்டார்.