குவாங்ஜோல ஜின் ஜுன் மேய் டீ வாங்கப் போறீங்களா, இத படிச்சிட்டு போங்க

போன அக்டோபர் சீனாவுல குவாங்ஜோ நகரத்துல நடக்கற கான்டன் ஃபேருக்கு (பெரிய வர்த்தகக் கண்காட்சி) போனப்ப நடந்தது. இன்னும் வயித்தெரிச்சல் அடங்கல, அடுத்து போறவங்களாவது ஏமாறக்கூடாதுன்னுதான் எழுதறேன்.

ஃபேர் வேலை முடிஞ்சு ஒரு நாள் மிச்சம் இருந்துச்சு, மெட்ரோ புடிச்சு ஃபாங்சுன் டீ மார்க்கெட் போனேன். தெருத்தெருவா டீக்கடைதான், எந்த கடைல ஏறினாலும் உக்கார வெச்சு ஊத்தி குடுப்பாங்க. நான் உக்காந்த கடைல மூணு பிளாக் டீ (அங்க சிவப்பு டீன்னுதான் சொல்லுவாங்க) வரிசையா போட்டாங்க. முதல்ல அன்ஹுய் மாகாணத்து கீமுன், மெல்லிசான கறுப்பு இலை, பூ வாசம், நல்லாவே இருந்துச்சு. அடுத்து யூன்னான்ல வர்ற தியான்ஹோங், குண்டு குண்டா தங்க கலர் மொட்டு, சக்கரவள்ளிக்கிழங்கு அவிக்கிற வாசம் அப்படியே வருது. மூணாவதுதான் ஜின் ஜுன் மேய். ஃபூஜியான் வூயி மலையில துங்மு கிராமத்துல 2005ல முதன்முதலா செஞ்ச டீ, மொட்டு மட்டும் கிள்ளுவாங்க, 500 கிராமுக்கு 50,000 மொட்டுக்கு மேல வேணும். தேன் மாதிரி ஒரு வாசம், ஏழு தடவை தண்ணி ஊத்தியும் இனிப்பு போகவே இல்ல. அந்த மாதிரி ஒரு டீ நான் குடிச்சதே இல்லங்க, அது உண்மை.

250 கிராம் 1,500 யுவான்னு பேசி முடிச்சு அலிபேல (சீனாவோட பணம் கட்டற ஆப்) கட்டினேன். அஞ்சு கிராம் சின்ன சின்ன ஃபாயில் பாக்கெட், மொத்தம் 50, சிவப்பு டப்பால அழகா அடுக்கி குடுத்தாங்க. பாக்கெட்டுக்குள்ள என்ன இருக்குன்னு வெளியில இருந்து தெரியாது. குடிச்சது என்னவோ மேசை மேல இருந்த டின்ல இருந்து, வாங்கினது உள் ரூம்ல இருந்து வந்த டப்பா. அப்ப இது எனக்கு உறைக்கவே இல்ல. கூடவே அந்த தியான்ஹோங்கும் 100 கிராம் வாங்கினேன், அதுதான் அவங்கள காட்டிக் குடுத்துச்சு.

ஊருக்கு வந்து குன்னூர்ல பெரியப்பாகிட்ட குடுத்தேன், டீ ஃபேக்டரில முப்பது வருஷம் வேலை பாத்தவர். ரெண்டையும் தனித்தனியா 3 கிராம், 150 மில்லி கொதிச்ச தண்ணி, அஞ்சு நிமிஷம் வெச்சு இறக்கினார். குடிச்சிட்டு நனைஞ்ச மொட்ட விரல்ல நசுக்கி பாத்துட்டு, "தம்பி, ரெண்டும் ஒரே சாதி செடிடா, பெரிய இலை, நம்ம அஸ்ஸாம் செடி மாதிரி, இதுக்கா இவ்வளவு காசு குடுத்த?"ன்னார். எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, அப்ப ஜின் ஜுன் மேய்ன்னு குடுத்ததும் தியான்ஹோங் மாதிரி பெரிய இலை டீதான். கடைல எடுத்த ஃபோட்டோவ எடுத்து பாத்தா டின்ல இருந்தது கறுப்பும் தங்கமும் கலந்து, பொடிசா, வளைஞ்சு, புருவம் மாதிரி. மேய்னாலே புருவம்னுதான் அர்த்தம். பாக்கெட்ல இருந்ததோ முழுக்க தங்க கலர், மேல பஞ்சு மாதிரி மயிரு. துங்மு செடி சின்ன இலை செடி, அதுல இவ்வளவு பெரிய மொட்டு வராது, முழுசா தங்கமா பளபளன்னு இருந்தாலே சந்தேகப்படணும்.

அப்புறம் தேடித் தேடி படிச்சப்பதான் இன்னும் தெரிஞ்சது. ஒரிஜினல் துங்மு டீ 500 கிராம் பல ஆயிரம் யுவான் போகும், அதுவும் வசந்த காலத்துல மட்டும்தான் பறிப்பாங்க. என்கிட்ட "இந்த மாசம் பறிச்ச புது டீ"ன்னு அக்டோபர்ல சொன்னாங்க, அதுவே பொய். டப்பா மேல பேர் இருக்கேன்னும் நம்பாதீங்க, 2013லயே பெய்ஜிங் கோர்ட் ஜின் ஜுன் மேய்ங்கறது ஒரு பொதுப்பெயர்தான், தனி ஆளோட பிராண்ட் இல்லன்னு சொல்லிடுச்சு.

அதனால தயவுசெஞ்சு, பேக் பண்ற டப்பால இருந்தே ஒரு பாக்கெட்ட நீங்களா எடுத்து உங்க கண்ணு முன்னாடி வெட்ட சொல்லி, அத போட்டு குடிங்க. முடியாதுன்னா எந்திரிச்சு வந்துடுங்க. இல்லன்னா அந்த டின்ல இருக்கறத உங்க எதிர்லயே எடை போட்டு கட்ட சொல்லுங்க.

வீசாட்ல (அங்க வாட்ஸ்அப் மாதிரி) அந்த கடைக்காரங்களுக்கு டின் ஃபோட்டோவையும் பாக்கெட் டீ ஃபோட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அனுப்பினேன். "தண்ணி வேற, அதான் டேஸ்ட் மாறுது"ன்னு பதில் வந்துச்சு. மொட்டு சைஸுமா தண்ணில மாறும்னு கேட்டேன், அதோட என்னை பிளாக் பண்ணிட்டாங்க.