ஸ்டோரில் இருப்பதைப் படிக்க எது நல்லது: சப்ஸ்கிரைபா, ஏசிங்க் பைப்பா, சிக்னலா?

கூடையில் எத்தனை பொருள் இருக்கிறது என்ற எண் என்ஜிஆர்எக்ஸ் ஸ்டோரில், அதாவது செயலியின் தரவை ஒரே இடத்தில் வைத்திருக்கும் கிடங்கில், இருக்கிறது. அதை ஆங்குலர் (இணையச் செயலி கட்டும் ஃபிரேம்வொர்க்) திரையில் காட்ட வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு, மூன்றையும் நான் வேலையில் பயன்படுத்தியிருக்கிறேன்.

முதல் வழி, கம்போனென்ட்டுக்குள் (திரையின் ஒரு துண்டு) செலக்ட் செய்து (ஸ்டோரில் வேண்டிய பகுதியை மட்டும் எடுத்து), கையால் சப்ஸ்கிரைப் போட்டு (மாறும்போதெல்லாம் தெரிவிக்கச் சொல்லி), வரும் மதிப்பை ஒரு மாறியில் வைத்துக்கொள்வது. நான் பார்த்துக்கொண்ட ஒரு கடைத் தளத்தில் இப்படித்தான் எழுதியிருந்தோம். பொருள் விவரப் பக்கத்தை இருபது தடவை திறந்து மூடிவிட்டு ஒரு பொருளைக் கூடையில் சேர்த்தேன். கன்சோலில் ஒரே வரி இருபது தடவை வந்து விழுந்தது. கம்போனென்ட் போய்விட்டாலும் ஸ்டோர் கடைசிவரை இருக்கும், பழைய சப்ஸ்கிரிப்ஷன்களையும் பிடித்து வைத்திருக்கும். ஆங்குலர் 16-இல் வந்த டேக்அன்டில்டெஸ்ட்ராய்ட், கம்போனென்ட் போகும்போதே சப்ஸ்கிரிப்ஷனையும் விட்டுவிட்டு, இதை ஒரே வரியில் சரிசெய்கிறது. ஆனால் ஆன்புஷ் (தேவை என்று தெரிந்தால் மட்டும் திரையைப் புதுப்பிக்கும் முறை) போட்ட கம்போனென்ட்டில் இன்னொரு சிக்கல் உண்டு: மாறியில் எண் மாறியிருக்கும், திரையில் பழைய எண்ணே நிற்கும். வெறுமனே காட்டுவதற்கு இந்த வழி வேண்டாம்.

இரண்டாவது வழி ஏசிங்க் பைப், டெம்ப்ளேட்டில் (கம்போனென்ட்டின் எச்டிஎம்எல் பகுதி) எழுதுவது; இந்த இரண்டு தொல்லையையும் அது தீர்க்கிறது. சப்ஸ்கிரைப் செய்வதும் விடுவதும் அதன் பொறுப்பு, திரையைப் புதுப்பிக்கச் சொல்வதும் அதுவே. பல வருடம் நான் இதைத்தான் பரிந்துரைத்தேன். குறை என்றால், ஸ்டோரில் மதிப்பு தயாராக இருந்தாலும் டைப்பில் (மதிப்பின் வகை) நல் (மதிப்பு இல்லை என்ற குறி) ஒட்டிக்கொண்டே வரும். அதைத் தவிர்க்க என்ஜிஇஃப்-க்குள் (நிபந்தனை உண்மையானால் மட்டும் காட்டும் ஆங்குலர் கட்டளை) வைத்தால், கூடையில் 0 பொருள் இருக்கும்போது அந்தப் பகுதியே மறைந்துவிடும். 0-வும் அதற்குப் பொய்தானே!

மூன்றாவது வழி சிக்னல், அதாவது மாறினால் தன்னைப் படிப்பவர்களுக்குத் தெரிவிக்கும் மதிப்பு; அதற்கென என்ஜிஆர்எக்ஸ் 16-இல் செலக்ட்சிக்னல் வந்தது. அழைத்தால் எண் கிடைக்கும், நல் கிடையாது, விடுவிக்க எதுவும் இல்லை. எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு. பொருள் பட்டியல், மொத்த விலை இரண்டையும் தனித்தனியாக செலக்ட் செய்து கம்பைன்லேட்டஸ்ட்டில் (பலவற்றின் கடைசி மதிப்புகளைச் சேர்த்துத் தரும் கருவி) சேர்த்துப் பாருங்கள். ஒரே ஆக்‌ஷன் (ஸ்டோரை மாற்றச் சொல்லும் செய்தி) இரண்டையும் மாற்றினால் அது இரண்டு தடவை மதிப்பு தரும்: முதலில் புதுப் பட்டியலும் பழைய விலையும், அப்புறம்தான் இரண்டும் புதிது. திரையில் இது தெரியாது. ஆனால் அந்த மதிப்பை சர்வருக்கு அனுப்பும் வேலை பின்னால் இருந்தால், தப்பான விலையும் ஒரு தடவை போய்ச் சேரும். கம்ப்யூட்டட் சிக்னலில் (வேறு சிக்னல்களிலிருந்து கணக்கிடப்படுவது) இந்த அரைகுறை நிலையே வராது.

ஆனால் சிக்னலுக்குக் காலம் தெரியாது. ஸ்டோர் அடுத்தடுத்து மூன்று தடவை மாறினால், இடையில் யாரும் படிக்காதபோது, கடைசி மதிப்பு மட்டுமே கிடைக்கும். அப்சர்வபிளில் (செலக்ட் தருவது, மதிப்புகள் ஒவ்வொன்றாக வரும் ஓடை) மூன்றும் வரும். தேடல் பெட்டியில் தட்டி முடிக்கும்வரை காத்திருப்பது, பழைய கோரிக்கையை ரத்து செய்து புதியதை அனுப்புவது எல்லாம் டிபவுன்ஸ்டைமும் ஸ்விட்ச்மேப்பும் செய்யவேண்டிய வேலை. அங்கே சிக்னலைத் திணிக்காதீர்கள்.

அதனால் டெம்ப்ளேட்டுக்கு செலக்ட்சிக்னல், எஃபெக்ட்களுக்கு (சர்வருக்கு அனுப்புவது போன்ற பின்வேலைகள்) அப்சர்வபிள் என்று பிரித்துக்கொண்டேன். பழைய நிரலை மாற்றும்போது செலக்ட் செய்ததை டூசிக்னலில் (அப்சர்வபிளை சிக்னலாக மாற்றும் ஆங்குலர் செயல்பாடு) போடுகிறவர்களைப் பார்க்கிறேன். வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் அதில் நல்லுக்குப் பதில் அன்டிஃபைன்ட் (மதிப்பு இன்னும் தரப்படவில்லை என்ற குறி) வந்து டைப்பில் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டோரே சிக்னல் தரும்போது அந்தச் சுற்று வழி எதற்கு?