டிஸ்க் போட்டாச்சு என்றார்கள்: பழைய காரின் பிரேக் வேலையில் நடந்த ஏமாற்று

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் (சுழலும் டிரம்முக்குள் ஷூ விரிந்து அழுத்தும் வகை) இருந்த 1960களின் கார் ஒன்று. முன்பக்கம் டிஸ்க்காக (சுழலும் தட்டை இரு பக்கமும் பேட் கவ்வும் வகை) மாற்றி, பட்டறைக்காரர் சாவியைக் கொடுத்தார். பில்லில் முழு டிஸ்க் கிட், புது மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுவது), பூஸ்டர் (மிதிக்கும் விசையைக் கூட்டுவது), புது பைப் எல்லாம் எழுதியிருந்தது. சக்கரத்தின் இடுக்கில் பார்த்தால் துளை போட்ட டிஸ்க்கும் பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வியான, சிவப்புப் பெயின்ட் அடித்த காலிப்பரும் பளபளவென்று தெரிந்தன. ஓட்டிப் பார்த்தால் பெடல் பாதி வரை பொதபொதவென்று இறங்கியது. கொஞ்ச தூரம் போனதும் முன் பிரேக் தானாகவே பிடித்துக்கொண்டது, ரிம்மில் கை வைக்க முடியாத சூடு. பிறகு முழுவதையும் கழற்றிப் பார்த்ததில் வெளியே வந்தவைதான் கீழே இருக்கின்றன. பட்டறையின் பெயர் வேண்டாம். பழைய காருக்கு டிஸ்க் போட நினைப்பவர்கள் எங்கே பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் காலிப்பர். இடது பக்கத்துடையது வலதிலும், வலது பக்கத்துடையது இடதிலும் மாட்டப்பட்டிருந்தன. பெரும்பாலான கிட்களில் இரண்டும் எந்தப் பக்கம் வைத்தாலும் போல்ட்டில் உட்கார்ந்துவிடும், அதனால் மாட்டுகிறவருக்குச் சந்தேகமே வராது. வித்தியாசம் ஏர் எடுக்கும், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே விடும் நிப்பிளில் இருக்கிறது. அது காலிப்பரின் உச்சியில் வர வேண்டும். பக்கம் மாறினால் அடியில் வந்துவிடும், உள்ளே இருக்கும் காற்று மேலேயே தங்கிவிடும். எத்தனை பாட்டில் பிரேக் ஆயில் ஊற்றி ஏர் எடுத்தாலும் பெடல் கெட்டிப்படாது. இதற்குப் பட்டறையில் சொன்ன பதில்: “டிஸ்க்னா பெடல் அப்படித்தான் சார் இருக்கும், பழகிடும்.” அப்படி இருக்காது. ஏர் சுத்தமாக எடுத்த டிஸ்க் பிரேக்கில் பெடல் கல் மாதிரி நிற்கும். சக்கரத்தைக் கழற்றி நிப்பிள் மேலே இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

பிரேக் தானாகப் பிடித்ததற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்திருந்தன.

ஒன்று, புதிது என்று பில் போட்ட மாஸ்டர் சிலிண்டர் பழைய டிரம் பிரேக்குடையது, மேலே கறுப்புப் பெயின்ட் மட்டும் புதிது. மூடியைத் திறந்தால் இரண்டு அறையும் ஒரே அளவு. டிஸ்க்குக்கான மாஸ்டரில் முன் சக்கரங்களுக்குப் போகும் அறை பெரும்பாலும் பெரிதாக இருக்கும். பேட் தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்தபடி இருக்கும், அந்த இடத்தை நிரப்ப அவ்வளவு ஆயில் தேவைப்படும். அதைவிட முக்கியமானது டிரம் மாஸ்டரில் ஆயில் வெளியே போகும் வாய்க்குள் இருக்கும் சின்ன வால்வு. பெடலை விட்ட பிறகும் லைனில் (ஆயில் போகும் பைப்பில்) 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) அளவுக்கு அழுத்தத்தை நிறுத்தி வைப்பது அதன் வேலை. டிரம்மில் ஷூவை இழுத்துக்கொள்ள ஸ்பிரிங் இருப்பதால் அந்த அழுத்தம் தொந்தரவு தராது. டிஸ்க்கில் ஸ்பிரிங் கிடையாது, சீல் மடங்கி நிமிரும் விசைதான் பேட்டைப் பின்னால் இழுக்கிறது. 10 பிஎஸ்ஐ நின்றால் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும். மாஸ்டர் காரின் தரைத்தகட்டுக்கு அடியில், காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும் கார்களில் மட்டும் டிஸ்க் லைனுக்கு 2 பிஎஸ்ஐ வால்வு போடுவார்கள், ஆயில் திரும்பி இறங்கிவிடாமல் இருக்க. 10-க்கும் 2-க்கும் உடம்பு ஒரே மாதிரி இருப்பதால், மேலே பொறித்த எண்ணைப் படித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். பைப்பைக் கழற்றி மாஸ்டரின் துளையில் மெல்லிய கம்பியை மெதுவாக விட்டுப் பாருங்கள். உள்ளே போனதுமே ரப்பரில் முட்டினால் டிரம் வால்வு அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது காரணம், பூஸ்டரிலிருந்து மாஸ்டரைத் தள்ளும் ராடு நீளமாக வைக்கப்பட்டிருந்தது. ராடின் முனைக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் நடுவே ஏறத்தாழ 0.5 முதல் 1 மி.மீ. இடைவெளி வேண்டும். அது இல்லையென்றால் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராது, ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே கிடக்கும். ஓட்டும்போது ஆயில் சூடாகி விரியும், போக வழியில்லாமல் பிரேக்கைத் தானே அழுத்தும், அதனால் சூடு இன்னும் ஏறும். ஆறினால் சக்கரம் லேசாகிவிடும் என்பதால் பட்டறையில் நின்றபடி சுற்றிக் காட்டும்போது எல்லாம் சரியாகத் தெரியும். அளக்க, பிஸ்டனின் குழியில் களிமண் உருண்டை ஒன்றை வைத்து மாஸ்டரை மாட்டி நட்டை இறுக்குங்கள். பெடலைத் தொடாமல் திரும்பக் கழற்றி, ராடு பதிந்த இடத்தில் மிச்சமிருக்கும் களிமண்ணின் தடிமனைப் பாருங்கள், அதுதான் இடைவெளி.

சக்கரம் பிடித்து நிற்கும் நேரத்திலேயே காரணத்தைப் பிரித்துவிடலாம். காரைச் சமதளத்தில் கட்டை போட்டு நிறுத்தி, முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். மாஸ்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் இரண்டு மூன்று மி.மீ. தளர்த்தி மாஸ்டரை முன்னால் இழுங்கள். சக்கரம் விட்டுவிட்டால் குற்றவாளி ராடு. விடவில்லையா, மாஸ்டரில் முன் பைப்பின் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அப்போது விட்டால் மாஸ்டருக்குள் இருக்கும் வால்வு. அதற்கும் அசையாமல் காலிப்பர் நிப்பிளைத் திறந்தால்தான் விடுகிறது என்றால், நடுவில் ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் சுற்றவில்லையென்றால் காலிப்பரின் பிஸ்டனோ, காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னோ இறுகிக் கிடக்கிறது. பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும், துணி விரித்துக்கொண்டு செய்யுங்கள். தளர்த்திய ஒவ்வோர் இடத்தையும் இறுக்கி, திரும்ப ஏர் எடுக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தான ஒன்றும் இருந்தது. பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்கத் திருகு வைத்த வால்வு ஒன்று கிட்டோடு வந்திருந்தது. அதை முன் லைனில் மாட்டியிருந்தார்கள். அதாவது நல்ல டிஸ்க்குக்கு அழுத்தம் குறைவு, பின்னால் இருக்கும் டிரம்முக்கு முழு அழுத்தம். வேகமாக பிரேக் போட்டால் எடை முன்னால் சாய்ந்து பின் சக்கரம் லேசாகிறது. அந்த நேரத்தில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் சுழன்றுவிடும், ஸ்டீயரிங் பிடித்து ஒன்றும் செய்ய முடியாது. வால்வு பின் லைனில்தான் வர வேண்டும். ஆளில்லாத திறந்த இடத்தில், குறைந்த வேகத்தில் தொடங்கி, முன் சக்கரம் முதலில் பூட்டும்வரை திருகைச் சரிசெய்ய வேண்டும். மாஸ்டரிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பைப்பையும் விரலால் தொட்டுக்கொண்டே சக்கரம் வரை போங்கள். எந்த வாய் எந்த அச்சுக்குப் போகிறது என்பது மாஸ்டருக்கு மாஸ்டர் மாறும், ஊகித்து மாட்டினால் இப்படித்தான் ஆகும்.

புது பைப் என்றது சக்கரத்துக்கு அருகில் ஒரு முழம் மட்டும். மீதி பழையது. நடுவில் தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற அமுக்கு இணைப்பு, மரையில் வெள்ளை டேப். பிரேக் லைனில் இரண்டுக்குமே இடமில்லை. பிரேக் பைப்பில் கசிவை நிறுத்துவது மரை அல்ல, பைப்பின் விரித்த முனை அது உட்காரும் இருக்கையில் அழுந்துவதுதான். அந்த முனையிலும் வகை உண்டு: 45 பாகை இரட்டை மடிப்பு, குமிழ் வடிவம், 37 பாகை ஒற்றை மடிப்பு. ஒன்றின் இருக்கையில் இன்னொன்றை இறுக்கினால் அன்றைக்குக் கசியாது, பெடலை ஓங்கி மிதிக்கிற நாளில் கசியும். சுத்தச் செம்பு பைப் வளைக்க எளிது, ஆனால் அதிர்வில் இறுகி வெடிக்கும். ஸ்டீல் அல்லது 10 சதவீத அளவில் நிக்கல் கலந்த செம்பு பைப் கேளுங்கள். பழைய கார்களில் வழக்கமான தடிமன் 4.75 மி.மீ.

காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டில் இருந்த போல்ட்டின் தலையில் எந்த எண்ணும் இல்லை. 10.9 என்ற உறுதித் தர எண்ணோ, கிட் கொடுத்தவர் குறித்த தரமோ இருக்க வேண்டும். போதாததற்கு, காலிப்பரை டிஸ்க்கின் நடுவுக்குக் கொண்டுவர ஒரு பக்கம் சாதாரண வாஷரை அடுக்கியிருந்தார்கள். அவ்வளவு வாஷர் தேவைப்பட்டாலே கிட் அந்தக் காருக்கானது இல்லை என்று அர்த்தம். சக்கரத்தைத் தாங்கும் பாகமான நக்கிளில் வெல்டிங் தடம் தெரிந்தால் காரை எடுக்கவே எடுக்காதீர்கள்.

துளை போட்ட டிஸ்க் பற்றி ஒரு வார்த்தை. தெருவில் ஓடும் காருக்கு அது அழகுக்குத்தான், துளையோரம் விரிசல் விடுவது தனித் தலைவலி. அதற்குக் கொடுக்கும் காசைப் புது ஹோஸுக்குக் கொடுக்கலாம்.

மாஸ்டரின் அளவிலும் ஏமாற்றுவார்கள். பெரிது போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்பது தலைகீழ்ப் பேச்சு. 25.4 மி.மீ. துளைக்குப் பதில் 22.2 மி.மீ. போட்டால் அதே மிதிக்கு அழுத்தம் சுமார் 30 சதவீதம் கூடும், பெடலும் அந்த அளவுக்குக் கூடுதலாக இறங்கும். டிரம் ஷூ சுழற்சியில் தானே இழுபட்டு அழுத்தும், டிஸ்க் பேட் அப்படிச் செய்யாது. அதனால்தான் டிஸ்க் போட்டதும் பூஸ்டர் தேவைப்படுகிறது. பூஸ்டர் இல்லாமல் ஓட்டப் பெடலின் நெம்பு விகிதம் 6-க்கு 1 பக்கம் இருக்க வேண்டும், பூஸ்டரோடு 4-க்கு 1 போதும். பூஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, இன்ஜினை அணைத்துவிட்டு நான்கைந்து முறை மிதித்து, காலை அழுத்தி வைத்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் இறங்க வேண்டும். இந்தக் காரில் இறங்கவில்லை. வெற்றிடக் குழாய் மாட்டியிருந்தது, ஆனால் அதன் ஒருவழி வால்வு திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

ஆயிலைக் கேட்டு எழுதி வாங்குங்கள். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம். டாட் 5 சிலிக்கோன், அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. புது டாட் 3-இன் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 140. டாட் 4-க்கு 230, 155. உரசி ஓடும் டிஸ்க்கில் பழைய ஆயில் கொதித்தால் பெடல் தரைக்குப் போகும்.

இப்படி ஒரு வேலை உங்களுக்கும் நடந்திருந்தால் காரை ஓட்டிக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள். எதையும் கழற்றும் முன் நிப்பிள் எந்தப் பக்கம் இருக்கிறது, வால்வு எந்த லைனில் இருக்கிறது, போல்ட்டின் தலை, மாஸ்டரின் அறைகள் என்று தனித்தனியாகப் படம் எடுங்கள். வேறு ஒரு மெக்கானிக்கிடம் பார்த்ததைத் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகங்களைப் பையில் போட்டு உங்களிடமே வையுங்கள். “கொடுங்க, பார்த்துட்டு மாத்தித் தரேன்” என்று பட்டறையில் கேட்டாலும் கணக்குத் தீரும்வரை கொடுக்க வேண்டாம்.