அயல்நாட்டு மிஷனரி காணிக்கைத் தொகுப்பு: ஒரு சபைப் பொருளாளரின் மதிப்புரை

நாகர்கோவிலில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் விற்பனையாகும் அயல்நாட்டு மிஷனரி காணிக்கைத் தொகுப்பை, கல்குளம் வட்டத்தைச் சேர்ந்த எங்கள் சபைக் குடும்பங்களுக்காகச் சென்ற ஆண்டு வாங்கினோம். உலகப்படம் அச்சிட்ட அட்டை உண்டியல், மாதத்துக்கு ஒரு நாடு என்ற கணக்கில் ஜெப அட்டைகள், ஒரு வாக்குறுதி அட்டை, நான்கு ஞாயிறுகளுக்கான பிரசங்கக் குறிப்புகள் கொண்ட சிறு கையேடு ஆகியவை அதில் அடங்கும். வாங்க எண்ணும் பிற சபைகளுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

தொகுப்பின் உயிர் ஜெப அட்டைகளில் இருக்கிறது. அந்த நாட்டு மக்கள் பேசும் மொழி, அம்மொழியில் வேதாகமம் உண்டா என்பது, அங்கே ஊழியர் செய்யும் பணி ஆகியவற்றோடு, வீட்டு வாடகை, விசா, மொழிப் பயிற்சி, பிள்ளைகளின் படிப்பு எனப் பணம் எதற்குச் செலவாகிறது என்பதையும் ஒவ்வோர் அட்டையும் சொல்கிறது. ‘ஊழியத்தின் தேவைக்காக’ என்று பொதுவாகக் கேட்டபோது தயங்கியவர்கள், ஒரு செவிலியரின் மொழிப் பயிற்சிக் கட்டணம் என்று தெரிந்தபோது மனமுவந்து கொடுத்தார்கள். நம் சபைகளில் கொடுக்கும் மனம் குறைவு என்று சொல்ல முடியாது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைக்குலை சந்தை விலையைப் போலப் பல மடங்குக்குப் போவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். ஆனால் அந்த உற்சாகம் அடுத்த மாதம் வருவதில்லை, ஊழியரின் வீட்டு வாடகையோ தவறாமல் வந்துவிடுகிறது. உலை வைக்கும்போதே ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்த நம் பாட்டிமார்களின் பழக்கத்தை இந்த உண்டியல் மீண்டும் கொண்டுவருகிறது என்பதே என் பாராட்டு.

உண்டியலின் தரம் சுமார். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில் அடியட்டை ஊறிவிடுகிறது.

கையேட்டின் முதல் ஞாயிறு நன்று. கொடிய தரித்திரத்திலும் தங்கள் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்த மக்கெதோனியா சபைகளை 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்துக்காட்டி, கொடுப்பது வசதியுள்ளவர்களின் வேலை என்ற எண்ணத்தை அது அகற்றுகிறது. இரண்டாம் ஞாயிறுதான் எனக்கு ஒப்பவில்லை. மெலிந்த குழந்தைகளின் படங்களைக் காட்டி இரக்கத்தைத் தூண்டுவதோடு அது நின்றுவிடுகிறது. குமரி மாவட்டச் சபைக்கு அந்தப் படங்கள் எதற்கு? பிறர் கொடுத்ததைப் பெற்று வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! 1792-இல் இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் ஒரு வீட்டில் கூடிய சில பாப்டிஸ்டுகள் எழுதிக் கொடுத்த வாக்குறுதித் தொகை 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ். அந்தச் சீட்டுகளைச் சேர்த்தது ஒரு மூக்குப்பொடி டப்பாவில். வில்லியம் கேரி மறு ஆண்டு வங்காளத்துக்கு வந்தது அந்தத் தொடக்கத்திலிருந்துதான். 1795-இல் உருவான லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் மிஷனரி ரிங்கல்தௌபே, நம் மாவட்டத்து மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று 1806-இல் அவ்வூருக்கு வந்தார்; 1838-இல் நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கியது. நம்மைக் கண்ணால் காணாத மனிதர்கள் கொடுத்த பணமும் இவற்றுக்குப் பின்னே இருந்தது. அதே சங்கத்துக்காக பிரிட்டனின் சிறுவர் சிறுமியர் காசு சேர்த்து, 1844-இல் ‘ஜான் வில்லியம்ஸ்’ என்ற மிஷனரிக் கப்பலையே தென்கடல் தீவுகளுக்கு அனுப்பினார்கள். ஞாயிறு பள்ளியில் இதைச் சொன்ன பிறகு, உண்டியலை நினைவூட்டும் பொறுப்பைப் பிள்ளைகளே எடுத்துக்கொண்டார்கள்.

வாக்குறுதி அட்டையில் எழுதிய தொகைகளைப் பெயரோடு ஆராதனையில் வாசிக்கும்படி கையேடு ஆலோசனை சொல்கிறது. டியூப் லைட்டில்கூட உபயதாரர் பெயர் எழுதும் ஊரில் இந்த ஆலோசனைக்குத் தேவையே இல்லை. நாங்கள் மொத்தத் தொகையை மட்டும் அறிவித்தோம்.

பெரிய குறை கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. சேர்ந்த காணிக்கையை ‘வெளிநாட்டுப் பணித்தளத்துக்கு அனுப்பவும்’ என்ற ஒரு வரியோடு கையேடு முடிந்துவிடுகிறது. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்பது தனிநபர்களுக்கான வசதி. அறக்கட்டளைகள் அதைப் பயன்படுத்த முடியாது. அறக்கட்டளையின் வருமானத்தை நாட்டுக்கு வெளியே செலவிட்டால், தனி ஒப்புதல் இல்லாதபோது அந்தத் தொகைக்கு வருமான வரி விலக்கும் பொதுவாகக் கிடைக்காது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைச் சிலர் இங்கே இழுக்கிறார்கள். அது உள்ளே வரும் பணத்தைப் பற்றியது. ஆகவே உண்டியலைக் கொடுக்கும் முன்பே பேராயத்தின் கணக்கு அலுவலகத்தையும் தணிக்கையாளரையும் கலந்து, முறையாக ஊழியர்களை அனுப்பும் இந்திய அமைப்பு ஒன்றின் வழியாகச் செலுத்தி, ரசீதைச் சபை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது நல்லது. எங்கள் சபையில் ரசீது ஒட்டத் தொடங்கிய பிறகு, அதுவரை உண்டியல் வாங்காதிருந்த சில குடும்பங்களும் வந்து கேட்டன.

பொருள்களைத் தனித்தனியாகவும் தருகிறார்கள். ஜெப அட்டைகளைத் தயங்காமல் வாங்கலாம். உண்டியலுக்குப் பதிலாக மூடியில் துளையிட்ட தகர டப்பா போதும். கையேடு ஆயருக்கு ஒரு படி வாங்கினால் போதுமானது. இரண்டாம் ஞாயிறுக்கு மயிலாடியின் வரலாற்றை அவரே பேசிக்கொள்வார்.