ஆட்டோகேட்டுக்கு இடி பாதுகாப்பு என்று 4007 டயோடை மாட்டிவிடுகிறார்கள், கவனம்

சுங்கை சிப்புட் பக்கம் ஆட்டோகேட் (மோட்டாரில் தானாகத் திறக்கும் கேட்) வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். செம்பனைத் தோட்டத்துக்கு மேலே வானம் கறுத்தால் நம் தாமானில் ஏதாவது ஒரு வீட்டில் கேட்டை இயக்கும் எலெக்ட்ரானிக் போர்டு போய்விடுகிறது. எங்கள் வீட்டிலும் போனது. பழுது பார்க்க வந்தவர் புதுப் போர்டு மாட்டினார். அப்புறம், "இடி தாங்குற டயோடு போட்டுத் தர்றேண்ணே" என்று சொல்லி 150 வெள்ளி கூடுதலாக வாங்கினார். அடுத்த பெரிய மழையில் அந்தப் போர்டும் கருகியது.

பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகன் மூடியைத் திறந்து பார்த்தான். 24 வோல்ட் லைனில், பிளஸ் பக்கம் வெள்ளி நிறக் கோடு இருக்க, குட்டியாக ஒரு கறுப்பு டயோடு. அதில் 1என்4007 என்று எழுதியிருந்தது. கடையில் சில காசுதான்.

4007 கெட்ட சாமான் இல்லை, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சாதாரண டயோடு. ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) காயிலை அணைக்கும்போது அது திருப்பி அடிக்கும் வோல்ட்டேஜை அடக்க அதைத்தான் போடுவார்கள். பேட்டரி வயரை மாற்றி மாட்டிவிட்டாலும் உதவும். ஆனால் எதிர்த்திசையில் 1000 வோல்ட் வரை தடுத்து நிற்பதற்காகச் செய்யப்பட்டது அது. லைனில் 200, 300 வோல்ட் பாய்ந்தாலும் அசையாது. அத்தனையும் போர்டுக்குள்தான் போகும்.

அங்கே இருக்க வேண்டியது டிவிஎஸ் டயோடு, அதாவது வோல்ட்டேஜ் திடீரென்று எகிறினால் அதைத் தன் வழியாகத் திருப்பி அடக்கும் டயோடு. 24 வோல்ட் போர்டுக்கு 1.5கேஇ33ஏ மாதிரி ஒன்று. 28 வோல்ட் வரை சும்மா இருக்கும். 33 வோல்ட் வாக்கில் திறந்துகொண்டு, 33 ஆம்பியர் பாய்ந்தாலும் லைனை 46 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாது. போர்டுக்கு ஒட்டி, கால்களைக் குட்டையாக வெட்டி மாட்ட வேண்டும். முன்னால் ஃபியூஸ் கட்டாயம்: தாங்க முடியாதபோது டிவிஎஸ் பெரும்பாலும் ஷார்ட் ஆகிவிடும், ஃபியூஸ் போய் போர்டு தப்பிக்கும். 230 வோல்ட் பக்கத்துக்கு வேரிஸ்டர் (எகிறும் வோல்ட்டேஜை அடக்கும் இன்னொரு சாமான்) தனியாக வேண்டும்.

பழுது பார்த்தவரிடம் கேட்டதற்கு அவர், "இடிக்கு யாருண்ணே கேரண்டி குடுக்க முடியும்?" என்றார். நேராக விழும் இடியை எந்த டயோடும் தாங்காது, சரி. ஆனால் நான் காசு கொடுத்த சாமான் அங்கே இல்லவே இல்லையே!

வேலை முடிந்ததும் டயோடின் நம்பரைப் படம் பிடியுங்கள், ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டினால் வழக்குப் பதியலாம், வக்கீல் தேவையில்லை. என் ரசீதோடும் அந்த 4007-ஓடும் அங்கேதான் போகிறேன்.