வீடியோ சுமார், திருத்தம் பிரமாதம்: ஆன்லைனில் சர்வதேச விவகாரமும் பாதுகாப்பும் படித்த கதை

நான் கப்பல் சரக்குக் காப்பீட்டில் வேலை பார்ப்பவன். 2023 நவம்பரில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கேலக்ஸி லீடர் கப்பலைப் பிடித்ததிலிருந்து என்னிடம் வரும் கேள்விகளே மாறிவிட்டன. போர் அபாயத்துக்கு எதற்குத் தனி பிரீமியம், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனால் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்றெல்லாம் கேட்பார்கள். லண்டனில் காப்பீட்டாளர்களின் கூட்டுப் போர்க் குழு வெளியிடும் ஆபத்துப் பகுதிப் பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு கடல் அந்தப் பட்டியலில் ஏன் ஏறுகிறது, எப்போது இறங்கும் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். அந்த எரிச்சலில்தான் வேலையை விடாமலே ஆன்லைனில் இந்த முதுகலைப் பட்டத்தில் சேர்ந்தேன். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். இதே அச்சில் வார்த்த படிப்புகள் நிறைய இருக்கின்றன, நான் சொல்வது பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் வீடியோ பாடங்கள். 1648 வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையில் ஆரம்பித்து, யதார்த்தவாதம், தாராளவாதம் என்று கோட்பாடுகள் வரிசையாக ஓடுகின்றன. கேட்கலாம், மோசமில்லை. ஆனால் இதே தரத்தில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. போதாததற்கு, எல்லாம் எப்போதோ பதிவு செய்தவை. ஐரோப்பியப் பாதுகாப்பு பற்றிய பாடத்தில் பின்லாந்தும் ஸ்வீடனும் இன்னும் அணிசேரா நாடுகளாகவே இருக்கின்றன! பின்லாந்து 2023 ஏப்ரலிலும் ஸ்வீடன் 2024 மார்ச்சிலும் நேட்டோவில் சேர்ந்தாயிற்று. வீடியோவுக்குக் கீழே ஒரு வரி திருத்தம் போடக்கூட ஆளில்லை. பாதுகாப்புப் படிப்புக்கு இது அழகில்லை.

சரி, கட்டிய பணம் எதற்குத்தான் என்றால், அசைன்மென்ட்டுகளுக்கு. அதாவது, நாம் எழுதியதை ஒரு விவரமான ஆள் வரி வரியாக வாசித்து, எங்கே சறுக்குகிறது என்று சொல்வதற்கு.

ஓர் உதாரணம். உளவுப் பகுப்பாய்வுப் பாடத்தில் 1962 செப்டம்பர் 19 தேதியிட்ட ஓர் அமெரிக்க மதிப்பீட்டு அறிக்கையைக் கொடுத்தார்கள். முன்பு ரகசியமாக இருந்து பின்னர் வெளியிடப்பட்டது. கியூபாவில் சோவியத் யூனியன் அணு ஏவுகணைகளை வைக்க வாய்ப்பு குறைவு என்பது அதன் சாரம். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் எடுத்த படங்களில் ஏவுகணைத் தளங்கள் தெரிந்துவிட்டன. அறிக்கை எழுதியவர்களைக் கேலி செய்வது சுலபம். ஆனால் எங்களுக்கு வந்த வேலை வேறு: செப்டம்பர் 19 அன்று அவர்கள் கையில் இருந்த தகவலை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் எழுதுங்கள், ஒரே பக்கம், முடிவு முதல் வரியில் வர வேண்டும்.

முறை இதுதான். மேலே குறுக்காகச் சாத்தியமான விளக்கங்களை எழுத வேண்டும்: தீவைக் காப்பதற்கான ஆயுதம், பேரம் பேசுவதற்கான மிரட்டல், உண்மையான தாக்குதல் தளம். இடது பக்கம் கீழ்நோக்கிச் சான்றுகள். ஒவ்வொரு சான்றும் எந்த விளக்கத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கட்டம் கட்டமாகக் குறிக்க வேண்டும். எது பொருந்துகிறது என்று அல்ல, எது இடிக்கிறது என்று. தரையிலிருந்து வானுக்கு ஏவும் விமான எதிர்ப்பு ஏவுகணைகளைப் பலமான சான்று என்று நான் எழுதியிருந்தேன். ஓரத்தில் குறிப்பு வந்தது: 'தீவைக் காப்பவனும் இதை வைப்பான், தாக்குதல் தளத்தை மறைப்பவனும் இதை வைப்பான். அப்புறம் இது எதை நிரூபிக்கிறது?' அந்த ஒரு குறிப்புக்கே பாதிக் கட்டணம் தகும் என்பேன். இப்போது அலுவலகத்தில் இழப்பீட்டுக் கோப்பு எதை எடுத்தாலும் கை தானாகக் கட்டம் போடுகிறது.

அணு ஆயுதப் பரவல் பற்றிய பாடமும் அப்படித்தான். நடத்தியவர் இயற்பியல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர், அதனால் கோஷம் இல்லை, கணக்குதான். இயற்கை யுரேனியத்தில் ஆயிரம் அணுவுக்கு 7 மட்டுமே யுரேனியம்-235, அதாவது உலைக்கும் குண்டுக்கும் வேண்டிய வகை. மற்றதைக் கழித்துக்கொண்டே போவதுதான் செறிவூட்டல். சேதாரத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், 4 சதவீதத்துக்கு வர ஆயிரத்தில் 825-ஐக் கழித்து 175-க்குக் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து 20 சதவீதத்துக்கு 140-ஐக் கழித்தால் போதும். கையில் இருப்பது 35. அதிலிருந்து ஆயுதத் தரமான 90 சதவீதத்துக்கு வெறும் 27-தான். உழைப்பில் பெரும்பகுதி ஆரம்பத்திலேயே முடிந்துவிடுகிறது என்பது இந்தக் கழித்தலிலேயே தெரிந்துவிடும். 2015 ஈரான் அணு ஒப்பந்தத்தில் செறிவு 3.67 சதவீதம், கையிருப்பு 300 கிலோ என்று ஏன் அப்படி இழுத்துப் பிடித்தார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

ஸூமில் ஐநா பாதுகாப்பு கவுன்சில் ஒத்திகை ஒன்று நடந்தது. எனக்குக் கிடைத்தது நிரந்தரமல்லாத ஓர் உறுப்பு நாடு. வீட்டோ இல்லையே, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்று நினைக்க வேண்டாம். 15 பேரில் 9 ஓட்டு வேண்டும், ஆக ஏழு பேர் கை தூக்காவிட்டாலே வீட்டோ இல்லாமல் தீர்மானம் விழும். உண்மையான பேரம் கேமரா முன்னால் நடக்கவில்லை, தனிச் சாட்டில் நடந்தது. வரைவில் ஐநா சாசனத்தின் 'ஏழாம் அத்தியாயத்தின் கீழ்' என்ற சொற்கள் இருக்க வேண்டுமா என்று மட்டும் மணிக்கணக்கில் இழுபறி. அது இருந்தால்தான் தடைகளுக்கும் படைபலத்துக்கும் சட்டக் கதவு திறக்கும் என்று சக மாணவரான ஒரு ராணுவ அதிகாரி நிற்க, அகதி முகாமில் வேலை பார்க்கும் இன்னொருவர், அதைப் போட்டால் நிவாரண வண்டிகளை உள்ளேயே விடமாட்டார்கள் என்று மடக்கினார். இந்த மாதிரி ஆட்களோடு ஒரே வகுப்பில் உட்காருவது ஆன்லைனில்தான் வாய்க்கும். ஆனால் நேர வித்தியாசம் ஒரு தொல்லை. யாராவது ஒருவர் எப்போதும் நள்ளிரவில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பார்.

இனி குறைகள். வாராவாரம் விவாதப் பலகையில் ஒரு பதிவு, இரண்டு பேருக்குப் பதில் என்று கட்டாயம். 'அருமையான பார்வை, ஆனால்...' என்று ஆரம்பிக்கும் பதில்களை வாசித்து அலுத்துவிட்டது. தேர்வுக்கு முன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறையின் நான்கு மூலைகளையும் கேமராவுக்குக் காட்டச் சொல்வார்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது சேர்க்கை ஆலோசகரின் பேச்சு. பணம் கட்டும்வரை ஓயாமல் போன். ஐநா வேலை கதவைத் தட்டும் என்கிற தொனி. உண்மையில் ஐநாவின் இளம் வல்லுநர் திட்டத்துக்கு இளங்கலைப் பட்டமே போதும். வயது 32-ஐத் தாண்டக் கூடாது, நம் நாடு அந்த ஆண்டுப் பட்டியலில் இருக்க வேண்டும், அதன்பின் போட்டித் தேர்வு. உளவு, பாதுகாப்புத் துறை வேலைகளுக்குக் குடியுரிமையும் பின்புலச் சோதனையும்தான் முதல் வாசல், பட்டம் அதற்குப் பிறகு. இதை ஆலோசகர் ஒருமுறையும் வாய் திறந்து சொல்லவில்லை.

ஏற்கெனவே ஒரு துறையில் காலூன்றியவர்களுக்கு, அதாவது பத்திரிகை, சுங்கம், நிவாரணம், கப்பல், வங்கி என்று இருப்பவர்களுக்கு, சேருங்கள் என்று தாராளமாகச் சொல்வேன். கல்லூரி முடித்த கையோடு இதை நம்பி வேலை தேடப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம், அந்தப் பணத்தில் அரபியோ பிரெஞ்சோ ரஷ்யனோ ஒழுங்காகக் கற்கலாம்.

சேர்வதாக இருந்தால் ஆலோசகரிடம் தரவரிசையைக் கேட்காதீர்கள். திருத்திய பழைய விடைத்தாள் ஒன்றை, பெயரை மறைத்துவிட்டு, காட்டச் சொல்லுங்கள். திருத்துபவர் பாடம் நடத்துபவரா, கூலிக்கு அமர்த்தியவரா, ஒருவருக்கு எத்தனை மாணவர்கள் என்றும் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். பிஎச்டி எண்ணம் இருந்தால் தீசிஸ் உண்டா என்பதையும் முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். என் படிப்பில் கடைசியில் புராஜெக்ட் மட்டும்தான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.